வேனின் பின்கண்ணாடியில் உன் பெயர்

அன்புள்ள பிரிட்டோ,

போனில் நீ கேட்கிற இரண்டு கேள்விக்கும் நான் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறேன் என்று உனக்குக் கோபம். வேனை விற்றாச்சா, ஸ்டிக்கர் கடையை மூடிவிட்டுப் புனேவுக்கு எப்போது வருகிறாய். இந்த இரண்டும்தானே? போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிடுவாய். கடைசியில் நானும் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுவேன். வைத்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டு, சொல்ல நினைத்ததையெல்லாம் குழம்புச் சட்டியிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே டி.டி.பி. சென்டரில் தமிழ் டைப்பிங் பார்த்தவள் உன் அம்மா, கை இன்னும் ஓடுகிறது. இதை நீ ஆபீசில் வைத்துப் படிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, ஜெனியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. புனேவிலேயே பிறந்து வளர்ந்த பெண், தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. நீ சத்தமாக வாசித்துச் சொல். எனக்குச் சாதகமாக இருக்கிற இடத்தை விழுங்கிவிடாதே.

வேனைப் பார்க்க நீ சொல்லிவிட்ட ஆள் வியாழக்கிழமை வந்தார். விழிதியூர்க்காரர். நெல் விவசாயம், கூடவே அரசாங்க உத்தியோகம். நிதானமான மனிதர். வேனைச் சுற்றி வந்தார், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், இன்ஜினைப் போடச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டார். நம்ம ஆம்னிக்கு வயதானாலும் அன்றைக்கு என்னவோ சொன்ன பேச்சு கேட்டு ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. எனக்கு அதன் மேல் கோபம்கூட வந்தது. வேண்டும் என்கிற நாளில் மக்கர் செய்யும், வேண்டாம் என்கிற நாளில் சமர்த்தாக ஓடும். கடைசியில் அவர் பின்பக்கம் போய் நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எல்லாம் புடிச்சிருக்குங்க. பின்னாடி கண்ணாடில இருக்கற பேர மட்டும் எடுத்துக் குடுத்துருங்க. எம் பொண்ணு பேரு போடணும். ஊர்ல எல்லாருக்கும் நீங்கதான ஒட்டுறீங்க, அதயும் நீங்களே வெட்டி ஒட்டிட்டீங்கன்னா எனக்கு வேற எடம் அலைய வேணாம்."

நியாயமான பேச்சு. வண்டி வாங்குகிறவர் யாராக இருந்தாலும் இதைத்தான் கேட்பார். யார் வண்டியில் யார் பிள்ளை பேர் ஓடுவது? நான் எத்தனை வண்டியில் இந்த வேலையைச் செய்திருக்கிறேன், ஒரு குடும்பத்துப் பிள்ளை பேரை உரித்துவிட்டு அதே இடத்தில் இன்னொரு குடும்பத்துப் பிள்ளை பேரை. டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வாங்க, எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பெண் பெயர் என்ன என்றும் கேட்டுக்கொண்டேன். யாழினியாம். நல்ல பெயர்.

அந்தப் பெயரை ஒட்டிய நாள் உனக்கு நினைவிருக்கிறதா? நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். போர்டும் ஏணியும் ஏற்றிப் போக வசதியாக இருக்கட்டும் என்று உன் அப்பா இந்த வேனைப் பழசாக வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் நிறுத்திய கையோடு நான் உள்ளே போய், வெள்ளை ஸ்டிக்கர் ரோலை மெஷினில் மாட்டி, உன் பெயரை வெட்டிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ பார்த்துவிட்டு, என் பேரு எதுக்கு, பசங்க ஓட்டுவாங்க, ஏசு துணை போடு, மாதா துணை போடு, என் பேர எடு என்று குதித்தாய். உன் அப்பா சிரித்துக்கொண்டே, "ஊர்ல எவன் புள்ள பேரையோ எல்லாம் வெட்டுறா. அவ புள்ள பேர அவ ஒட்டக் கூடாதாடா?" என்றார். ஆனால் அந்த வருஷம் முழுக்க வேனை ஸ்கூல் வாசலில் நிறுத்த விடாமல், தெருமுனையிலேயே இறங்கி நடந்துபோனாய். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றால் பெயர் மறைந்துவிடும் என்று அதன் மேல் சாய்ந்து நிற்பாய். அப்படி எத்தனை சட்டையின் அழுக்கை அந்தப் பெயர் துடைத்திருக்கிறதோ.

நம் வீட்டில் எழுத்தில்லாத இடம் எது? ரோலை மாட்டிவிட்டால் மெஷினின் பிளேடு எழுத்தின் ஓரத்தை மட்டும் வெட்டிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றியிருப்பதையும் சுழிக்குள் இருப்பதையும் ஊசியால் நிமிண்டி நிமிண்டி உரிக்க வேண்டும். உரித்த துணுக்கெல்லாம் என் கையில், புடவையில், தலைமுடியில். நீ தவழ்கிற காலத்தில் உன் முழங்காலில். ஒரு தடவை உன் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நீ ஏதோ விஷமம் செய்துவிட்டாய் என்று பயந்துகொண்டு போனால், உன் யூனிஃபார்ம் முதுகில் ஒரு சிவப்புக் கொம்பு ஒட்டியிருக்கிறது, வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது, பாடம் நடத்த முடியவில்லை என்றார். ஏதோ பேக்கரி போர்டின் 'பே'யிலிருந்து தவறிக் கழன்ற கொம்பு அது. மெஷின் ஓடும்போது கிர்ர் கிர்ர் என்று ஒரு சத்தம் வருமே, அது கேட்டால்தான் உனக்கு மத்தியானத் தூக்கம் வரும். மெஷின் நின்றால் விழித்துக்கொள்வாய். உன்னைத் தூங்க வைப்பதற்காகவே ஆர்டர் இல்லாத நாளில் காலி மெஷினை ஓட விட்டிருக்கிறேன். இப்போதும் மத்தியானத்தில் மெஷின் ஓடி நின்றதும், பழக்க தோஷத்தில், உள் அறையிலிருந்து ஒரு சிணுங்கல் வரும் என்று காது தானாகப் போகிறது. பிறகு அடுத்த ரோலை எடுக்கிறேன்.

கருக்களாச்சேரிப் பையன்கள் ஃபுட்பால் டீமுக்குச் சட்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா? சட்டைக்கு வெட்டும் முறை வேறு. எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி வெட்டினால்தான், துணி மேல் கவிழ்த்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்தும்போது நேராக வரும். அன்றைக்கு உன்னோடு பேசிக்கொண்டே வேலை பார்த்ததில் முதல் சட்டைக்குத் திருப்ப மறந்துவிட்டேன். அழுத்தி எடுத்தால் டீம் பெயர் முழுக்க இடம்வலமாகத் திரும்பிக் கிடக்கிறது. வேறு சட்டை வாங்கிப் போட்டுத் தருகிறேன் என்று நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது, அந்த டீம் கோல்கீப்பர் அதை மாட்டிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "அக்கா, செல்ஃபி எடுக்கறப்ப கரெக்டாத் தெரியுதுக்கா. எனக்கு இதுவே இருக்கட்டும்" என்றான். நீ கீழே விழுந்து புரண்டு சிரித்தாய். அந்தப் பையன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் கேட்கிறான், பிரிட்டோ அண்ணன் எப்ப வருவாங்க என்று. அடுத்த லீவுக்கு என்று சொல்லி வைக்கிறேன். எத்தனை லீவு அப்படிச் சொல்லியாகிவிட்டது என்று அவனும் கேட்பதில்லை, நானும் நினைப்பதில்லை.

ஜெனிக்கும் உனக்குமாக ஒன்று சொல்லிவிடுகிறேன், மறந்துபோவேன். ஸ்டிக்கரை ஒட்டும்போது நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்தால் காற்று நடுவில் மாட்டிக்கொண்டு கொப்புளமாக நின்றுவிடும், பிறகு குத்தித்தான் எடுக்க வேண்டும். நீ சண்டை போட்டால் ஓரத்தில் ஆரம்பிக்கிற ஆள், உன் அப்பா மாதிரியே. பால் பாக்கெட், காயப் போட்ட துணி, அணைக்காத ஃபேன் என்று ஓரத்திலேயே சுற்றுவாய். நடுவில் இருப்பது என்ன என்று கடைசி வரைக்கும் சொல்ல மாட்டாய். அவளாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஜெனி, அவன் பால் பாக்கெட்டைப் பற்றிக் கத்தினால் பாலைப் பற்றிப் பேசாதே. என்னடா விஷயம் என்று கேள். நான் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மனுஷனோடு பாலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த மனுஷன் போன பிறகு இந்த வேன் வாசலிலேயே தூசி பிடித்துக் கிடந்தது. உனக்குப் புனேவில் வேலை கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டத் தெரியும், ஸ்கூட்டியில் எட்டடி போர்டை எப்படிக் கொண்டுபோவது? நீ லீவு போட்டு வந்து, எழவு வீட்டுக்கு வருகிறவர்கள் வருவது குறைந்ததும் ஒருநாள் காலையில் சாவியை என் கையில் கொடுத்து, ஏறும்மா என்றாய். கடற்கரைச் சாலையில் ஓட்டப் பழகினோம். கிளட்சை நான் விடுகிற விதத்தில் வேன் தவளை மாதிரி தத்திப் போகும். நீ ஒருநாளும் சிரிக்கவில்லை. உன் அப்பா சொல்லிக் கொடுத்திருந்தால் இரண்டாம் நாளே இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியிருப்போம். நான் முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டுவேன். பின்னால் யார் வந்தால் எனக்கென்ன, அவன்தான் பார்த்து வர வேண்டும் என்பேன். நீ விடாமல், கண்ணாடியப் பாரும்மா, கண்ணாடியப் பாரும்மா என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். கடைசியில் எரிச்சலில் தலைக்கு மேலே இருந்த அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தேன்.

பின்கண்ணாடியில் வெளிப்பக்கமாக ஒட்டிய பெயர், உள்ளேயிருந்து திரும்பிப் பார்த்தால் மாறித்தான் தெரியும். ஆனால் ஓட்டுகிறவர் பார்க்கிற கண்ணாடி அதை மறுபடி ஒரு தடவை திருப்பிவிடுகிறது. அதனால் நேராகத் தெரிகிறது. எழுத்தைத் திருப்பித் திருப்பி வெட்டியே வயதான எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. "கண்ணாடில உன் பேருதாண்டா தெரியுது" என்றேன்.

"பேரப் பாக்காதம்மா. பேருக்குப் பின்னாடி வர்ற பஸ்ஸப் பாரு" என்றாய்.

அன்றைக்குத்தான், அப்பா போன பிறகு முதல் தடவையாக, நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அந்த பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டு நம்மைத் தாண்டிப் போனான். பத்து நாளில் நீ புனேவுக்குப் போய்விட்டாய். நான் தனியாக ஓட்ட ஆரம்பித்தேன். ஆனால் பஸ்ஸைப் பார்க்க மட்டும் எனக்குப் பழகவே இல்லை.

இப்போது புனேவுக்கு வருவேன். இல்லை, புனேவைப் பற்றிச் சொல்ல வருகிறேன், உடனே சந்தோஷப்பட்டுவிடாதே. உன் கல்யாணத்துக்குப் பிறகு உங்களோடு வந்து இருந்தேனே, நீங்கள் இரண்டு பேரும் என்னைத் தங்கமாகத்தான் வைத்துக்கொண்டீர்கள். பால்கனி இருந்தது, டிவியில் தமிழ் சேனல் இருந்தது, ஜெனி மீன் வாங்கி வந்து எனக்குப் பிடித்த மாதிரி குழம்பு வைத்தாள். ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் கீழே இறங்கினால் நான் படிக்கத் தெரியாதவள். காரைக்காலில் தெருவில் நடந்தால் பாதி எழுத்து என் கை பட்டது. ஆட்டோ முதுகில், பல் டாக்டர் கதவில், ஐஸ் கம்பெனி லாரியில் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவேன், இது ஓரம் எழும்புகிறது, அது இன்னும் நன்றாக இருக்கிறது என்று. அங்கே எழுத்தெல்லாம் தலைக்கு மேல் கோடு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கிறது. ஒன்றும் என்னிடம் பேசவில்லை.

ஒருநாள் உங்கள் ஃபிளாட் வாசலில் நின்ற ஆட்டோவின் பின்னால் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. கடைசி எழுத்தின் ஓரம் எழும்பி ஆடிக்கொண்டிருந்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? கட்டைவிரலால் தேய்த்து, வாயால் ஊதிச் சூடு காட்டி, நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தேன். ஆட்டோக்காரர் நான் சுரண்டுகிறேன் என்று நினைத்துச் சண்டைக்கு வந்துவிட்டார். நீ மேலேயிருந்து பார்த்துவிட்டு லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் படியில் ஓடி வந்தாய். இந்தியில் என்னவோ சொன்னாய். அவர் சிரித்து, நெஞ்சில் கைவைத்துக் காட்டினார். என்னடா சொல்றாரு என்றேன். அவர் பெண் பெயராம், வைஷ்ணவியாம் என்றாய். பிள்ளை பெயர்தான் என்று எனக்கு முதலிலேயே தெரியும். ஆட்டோ முதுகில் அந்த இடத்தில் வேறு என்ன பெயர் இருக்கும்? நீ அன்றைக்கு என்னை மேலே கூட்டிக்கொண்டு போகும்போது, அம்மா, ப்ளீஸ்மா என்றாய். வெட்கம் உனக்கு. ஸ்கூல் தெருமுனையில் கண்ணாடி மேல் சாய்ந்து நிற்பாயே, அதே முகம். எனக்கு வருத்தமில்லை, அந்த முகத்தைப் பார்த்து நாளாகியிருந்தது, பார்த்துக்கொண்டே படி ஏறினேன்.

இன்னொரு நாள் சிக்னலில் நம்மூர் பி.ஒய். நம்பர் போட்ட பெரிய கார் ஒன்று நின்றது. யாராவது தெரிந்தவர்களாக இருக்கும், கண்ணாடியைத் தட்டேன்டா என்றேன். வரி குறைச்சல்னு பாண்டிச்சேரில ரிஜிஸ்டர் பண்ணுவாங்கம்மா, அவன் நம்ம ஊரையே பார்த்திருக்க மாட்டான் என்றாய். உள்ளே இருந்தவன் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் நீ சொன்னாய், இங்கேயே இருந்துடும்மா, அந்த ஊர்ல தனியா எதுக்கு என்று. நான் பார்க்கலாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நீ வேனுக்கு ஆள் பார்த்திருக்கிறாய்.

சரி, வேனுக்கு வருகிறேன். சனிக்கிழமை மத்தியானம் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். புது ஸ்டிக்கர் என்றால் சூடு காட்டி ஒரு முனையைப் பிடித்தால் முழுசாக வந்துவிடும். வெயிலில் பழுத்த ஸ்டிக்கர் அப்படி வராது, முட்டை ஓடு மாதிரி துணுக்குத் துணுக்காகத்தான் வரும். முதல் எழுத்தில் ஆரம்பித்தேன். சூடு காட்டுவதும் நகத்தால் சுரண்டுவதுமாக, 'பி' முழுக்க எடுத்து முடித்தேன். சுத்தமாகத் துடைத்துவிட்டேன்கூட. எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலையாக நினைத்தால் எல்லாமே வேலைதான். 'ரி'யின் ஓரத்தில் நகத்தை வைக்கும்போது கிளிஞ்சல்மேட்டிலிருந்து செல்வமணி போன் செய்தார். புதிதாக ஒரு ஃபைபர் படகு வாங்கியிருக்கிறார், அதாவது பழசு, அவருக்குப் புதுசு. மகள் அபிநயா பெயரை வெட்டித் தரச் சொல்லியிருந்தார். விடிந்தால் கடலுக்குப் போகிறது, வெயில் தாழ்றதுக்குள்ள வந்து ஒட்டிருங்கக்கா என்றார். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வேனை எடுத்தேன்.

பாலம் தாண்டும்போது பின்னால் பஸ் ஹாரன். பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். 'ரிட்டோ' என்று இருந்தது.

பிரிட்டோ, எனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு பிரேக்கிலும் நான் உன் பெயரைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். பார்க்கிறோம் என்றே தெரியாமல் பார்த்திருக்கிறேன். தனியாக ஓட்டுகிறேன் என்று எனக்கு ஒருநாளும் தோன்றாததற்குக் காரணம், எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. அந்த ஓர் எழுத்து இல்லாத இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். பஸ் போய்விட்டது. அப்போது வந்தது அழுகை. ரொம்ப நேரம் இல்லை, பெயர் ஒட்ட வெளிச்சம் வேண்டுமே.

கிளிஞ்சல்மேட்டில் படகைக் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். பக்கவாட்டில் ஏற்கெனவே தேன்மொழி என்று ஒரு பெயர், முதல் சொந்தக்காரர் மகளாக இருக்கும். எவர் ஒட்டியதோ, நன்றாகவே ஒட்டியிருந்தார். நான் ஹேர் டிரையருக்குக் கரன்ட் எங்கே எடுப்பது என்று தேடினேன். செல்வமணி, எதுக்குக்கா என்றார். பழைய பெயரை எடுக்க வேண்டாமா என்றேன். அவர் படகை ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

"அந்தப் பொண்ணு பேர வச்சிக்கிட்டுதான் இந்தப் போட்டு இத்தன நாளு கர வந்து சேந்துருக்கு. அத உரிச்சிப்புட்டு எம் புள்ள பேர ஒட்ட மனசு வரலக்கா. கீழ ஒட்டுங்க. ரெண்டும் இருந்துட்டுப் போவுது."

ஒட்டினேன். சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, மேலே இருக்கிற பேப்பரை மெதுவாக இழுத்து எடுத்தேன். அபிநயா வந்து பார்த்துவிட்டு, தேன்மொழி யாருப்பா என்று கேட்டாள். தெரியலடா, உனக்கு அக்கான்னு வச்சிக்கோ என்றார். எனக்கு அங்கிருந்து கிளம்பவே மனசில்லை. வரும் வழியெல்லாம் கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் திட்டியிருப்பாய்.

வீட்டுக்கு வந்து மெஷினைப் போட்டேன். அந்தப் பழைய எழுத்தின் அளவும் வடிவும் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. ஒரே ஓர் எழுத்து வெட்டி, உரித்து, எடுத்த இடத்திலேயே ஒட்டினேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாக்கா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, என்ன இது, ஒண்ணு மட்டும் பளிச்சுனு வெள்ளையா இருக்கு, மத்ததெல்லாம் பழுப்பா இருக்கு, மொத்தமா புதுசா ஒட்டிரு என்றாள். அவள் சொல்வது சரிதான். வெளியே நின்று பார்த்தால் ஒட்டுப் போட்டது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தால், பின்னாலிருந்து வெளிச்சம் அடிப்பதால் பழசும் புதுசும் எல்லா எழுத்தும் ஒரே மாதிரி கறுப்பாகத்தான் தெரிகிறது. ஓட்டுகிறவளுக்கு வித்தியாசமே இல்லை. நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கிறவள்தானே. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது விழிதியூர்க்காரர் வாசலில் நின்றார். பின்கண்ணாடியைப் பார்த்திருக்கிறார், கேட்காமலே புரிந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்டு, யாழினி என்று வெட்டி வைத்திருந்ததை அவர் கையில் கொடுத்தேன். வேற வண்டி பாக்கறேங்க, வாங்குனதும் இங்கதான் வருவேன், நீங்களே ஒட்டுங்க என்று சொல்லிவிட்டு, அதைச் சுருட்டாமல் தட்டையாகப் பிடித்துக்கொண்டு போனார். சுருட்டினால் மடிப்பு விழும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

ஆகையால் உன் இரண்டு கேள்விக்கும் பதில்: வேனை விற்கவில்லை. கடையை மூடவில்லை. புனேவுக்கு இருக்க வரமாட்டேன். பார்க்க வருவேன், நீங்கள் போதும் போதும் என்று சொல்கிற அளவுக்கு வருவேன், ஜெனிக்குத் துணை வேண்டிய நாள் வந்தால் மாதக்கணக்கில் வந்து கிடப்பேன். ஆனால் திரும்பி வர எனக்கு ஓர் ஊரும், அந்த ஊரில் ஓட்ட ஒரு வண்டியும் வேண்டும். நீ இல்லாத வீட்டில் இருப்பது கஷ்டமாக இல்லையா என்று கேட்பாய். கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் இருக்கிறது. சோற்றை வடிக்கும்போது, மெஷின் நிற்கும்போது, மழை வந்து மாடியில் துணி எடுக்க ஓடும்போது, கூப்பிட வாய் எடுத்துவிட்டு மூடிக்கொள்கிறேன். அதை உன்னிடம் மறைக்கிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. ஆனால் உன் வீட்டு பால்கனியில் உட்கார்ந்துகொண்டு, ஆபீஸ் போன உன்னை நினைத்து ஏங்குவதற்கு, இங்கே வேலை செய்துகொண்டே ஏங்குவது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

ஜெனி பெயரையும் வெட்டி வைத்திருக்கிறேன், அதே அளவில், அதே எழுத்தில். உன் பெயருக்குக் கீழே இடம் இருக்கிறது. அவள் வந்து நின்று, எங்கே என்று கை காட்டட்டும், அப்போது ஒட்டிக்கொள்ளலாம். அவளுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரியும்.

மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு பேரும் வாருங்கள். லீவு கிடைக்காது என்று இப்போதே ஆரம்பிக்காதே, நடுவில் என்ன இருக்கிறதோ அதைச் சொல். காரைக்கால் ஸ்டேஷனுக்கு நானே வேனை எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார். அன்றைக்கு நான் கண்ணாடியில் பேரைப் பார்க்க மாட்டேன். நீ சொல்லிக் கொடுத்த மாதிரி, பேருக்குப் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்த்து ஓட்டுவேன்.

உன் அம்மா